யாரும் அமுக்காத சிவப்புப் பொட்டு

என் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. டிவிடி ரெக்கார்டர். டிஸ்க் போட்டால்தான் பதிவு செய்யும் என்கிற வகை அல்ல. உள்ளேயே ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு. வாங்கி நாலு மாதம் ஆகிறது. முதல் வாரம் வீட்டுக்கு வந்த எல்லோரையும் உட்கார வைத்து அதைப் பற்றி விளக்கினேன். இரண்டாவது வாரம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். துளி பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும் என்று பயந்து பயந்து வேலை செய்கிறவள். இந்தப் பெட்டிக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு தட்டு நொடிக்குத் தொண்ணூறு தடவை சுற்றுகிறது. அதில் எழுதும் முனை தட்டைத் தொடுவதே இல்லை. தட்டு சுழலும்போது கூடவே இழுபடும் காற்றின்மேல் மிதக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு தலைமுடியை வைத்தால் அது முனைக்கு மலை. அவ்வளவு நெருக்கத்தில் பறந்துகொண்டே இப்போது ஓடும் நிகழ்ச்சியை ஓரிடத்தில் எழுதிவிட்டு, கண் சிமிட்டும் முன் இன்னொரு இடத்துக்குத் தாவி, பத்து நிமிடத்துக்கு முன் எழுதியதைப் படித்து நமக்குக் காட்டுகிறது. திரும்பத் தாவி விட்ட இடத்திலிருந்து எழுதுகிறது. நமக்கு ஒரு தடங்கலும் தெரியாது.

கூடவே வந்த கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். அதனால் அத்தான் எனக்கு வைத்த பெயர் 'கையேடு'.

அத்தான் என் அக்காவின் கணவர். பஸ் டிரைவர். அக்கா அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். அங்கேதான் இரண்டு பேருக்கும் பழக்கமாகிக் கல்யாணத்தில் முடிந்தது. அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்தபோது அவர்கள் மகளுக்கு ஒன்பது மாதம். அதற்கப்புறம் அக்கா பேசுவது ஒரு சிறிய கருவியால். டார்ச் லைட் போல இருக்கும். கழுத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கி வாயசைத்தால் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு ரீங்காரமாகப் பேச்சு வரும். வீட்டில் அதற்குப் பெயர் வண்டு. 'வண்டு எங்கே', 'வண்டுக்கு பாட்டரி போடு' என்பதெல்லாம் அங்கே சாதாரணமாகக் காதில் விழும்.

மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். இப்போது ஏழு வயது. அம்மா என்றால் அவளுக்கு வண்டுதான். ஒரு வருடமாக ஒரே கேள்வி கேட்கிறாள். "அம்மா முன்னாடி எப்படிப் பேசுவாங்க?" அத்தான் குரலை மெலிதாக்கிப் பேசிக் காட்டுவார். நான் பேசிக் காட்டுவேன். வாலு விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்று, "ரெண்டு பேரும் வேற வேற மாதிரி பேசுறீங்க. எது நிஜம்?" என்பாள். போன வாரம் அவள் இப்படிக் கேட்டபோது அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வீட்டில் புகைப்படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. குரல் எங்கேயும் இல்லை.

அதாவது, அப்படித்தான் நினைத்திருந்தோம். அத்தானின் தம்பி வீடு மாறியபோது அவருடைய பழைய வீடியோ கேமராவும், அதற்குள் போடும் உள்ளங்கை அளவு கேசட் ஒன்றும் கிடைத்தன. ஒன்பது வருடத்துக்கு முன் கேமராவைப் புதிதாக வாங்கியபோது, சோதித்துப் பார்க்க அவர் அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் ஏறி ஒரு டிரிப் முழுக்கப் படம் பிடித்திருக்கிறார். அந்த டிரிப்பில் கண்டக்டர் அக்கா.

சனிக்கிழமை காலை அத்தானும் அக்காவும் கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். வாலு நீச்சல் வகுப்பில் இருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா பதினொன்றரைக்கு அவளைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. அதற்குள் கேசட்டில் இருப்பதை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அங்கிருந்து ஒரு டிவிடியில் போட்டுத் தயாராக வைத்துவிட வேண்டும். பழைய கேசட்டை நம்ப முடியாது, ஒரு தடவை ஓட்டினாலே போதும் என்று இருக்க வேண்டும் என்பது என் திட்டம்.

கேமராவின் கம்பிகளைப் பெட்டியின் முன்பக்கத்தில் சொருகினேன். பெட்டியை அந்த வழிக்கு மாற்றினேன். டிஸ்க் பாக்கெட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, என்னிடம் இருந்ததெல்லாம் அழித்து எழுதும் வகை. அவர்கள் வீட்டுப் பழைய பிளேயர் அதைப் படிக்காது. கடைக்குப் போய் வந்தாக வேண்டும்.

"நீ போயிட்டு வா மச்சினி. நாங்க பாத்துக்கிறோம்," என்றார் அத்தான். "ஆனா ரெண்டே வரியில சொல்லணும். முழுக் கையேடு வேண்டாம்."

"கேமராவுல பிளே. டிவியில படம் வந்ததும் பதிவு பண்ண ரிமோட்ல இந்தச் சிவப்புப் பொட்டு. அவ்வளவுதான் அத்தான்."

"நாப்பது அடி பஸ்ஸை ஓட்டுறவன் நான்."

அக்கா வண்டைக் கழுத்தில் வைத்தாள். "பின்னாடி நான் இருந்தேன். அதனால ஓடுச்சு."

நான் சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது பத்து ஐம்பது. கதவைத் திறந்ததுமே ஏதோ சரியில்லை என்று புரிந்தது. தொலைக்காட்சியில் வெறும் நீலம். கேமரா தரையில் வாயைப் பிளந்து கிடந்தது. அதிலிருந்து பழுப்பு நாடா நூடுல்ஸ் போலச் சுருண்டு வெளியே வந்திருந்தது. அத்தானின் இரண்டு கைகளிலும் நாடாவின் இரண்டு அறுந்த முனைகள்.

"சிக்கிக்கிச்சு," என்றார். "மெதுவாத்தான் இழுத்தேன்."

ஸ்டியரிங் பிடித்த கை. அதன் மெதுவே அவ்வளவுதான். நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பழைய ரப்பர் உருளை பிசுபிசுத்துப்போய் நாடாவைக் கவ்வி மடித்திருக்கிறது. மடிந்த இடத்திலெல்லாம் அதன் மேலிருந்த காந்தப் பொடி உதிர்ந்துவிட்டது. படமும் குரலும் இருப்பது அந்தப் பொடியில்தான். பொடி போனால் அவையும் போய்விடும்.

"எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"அது ஓடுச்சு, அரை மணிக்கு மேல. நல்லா ஓடுச்சு."

எனக்கு மூச்சு வந்தது. "அப்புறம் என்ன? அவ்வளவும் உள்ள ஏறியிருக்குமே."

அத்தான் ரிமோட்டைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். பதிவாகும்போது எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பட்டியலைத் திறந்து பார்க்கக்கூடத் தேவையில்லை.

"அவ தட்டவே இல்ல," என்றார் அத்தான்.

பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போகலாம். கண்டக்டரின் இரட்டை மணி கேட்காமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். அக்காவின் குரல் போனபின் வீட்டிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. மேசையில் இரண்டு தட்டு தட்டினால் 'ஆரம்பி' என்று அர்த்தம். கேமராப் பக்கம் அக்கா, ரிமோட்டோடு சோபாவில் அத்தான். அக்கா பிளேயை அமுக்கினாள். அத்தான் கட்டை விரலைச் சிவப்புப் பொட்டின் மேல் வைத்துக்கொண்டு தட்டலுக்குக் காத்திருந்தார். அதற்குள் தொலைக்காட்சியிலிருந்து அக்காவின் குரல் வந்துவிட்டது. அதைக் கேட்ட அக்கா தட்ட மறந்தாள்.

"கண்ணு இல்லையா? படம் ஓடுறது தெரியலையா?" வண்டு ஒரே சுருதியில் கேட்டது. அக்காவின் கண்களில்தான் கோபம் இருந்தது.

"ஒரு தடவை ஓட்டிப் பாக்குறே, அப்புறம் திருப்பி வச்சுட்டுத் தட்டுவேன்னு நெனச்சேன். அப்புறம்..." அத்தான் நிறுத்தினார். "அப்புறம் நான் எதையும் நெனக்கல. உன் குரலைக் கேட்டுட்டு இருந்தேன்."

அக்கா வண்டைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குமேல் பேசப்போவதில்லை என்று பொருள்.

அத்தான் எழுந்தார். டிரிப் முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்குவது அவருக்கு இருபது வருடப் பழக்கம். எங்கே போனாலும் கிளம்பும் முன் கை சுவிட்சைத் தேடும். சுவர்ப்பக்கம் போய்க் கையை நீட்டினார். அறையில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் பெட்டிக்குள்ளிருந்து மிக மெல்லிய ஓசை ஒன்று எனக்குக் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டிக். முனை தாவும் ஓசை. முனை எழுதிக்கொண்டிருக்கிறது.

யாரும் எதையும் பதியச் சொல்லவில்லையே. பின் எதை எழுதுகிறது?

"அத்தான், சுவிட்சுல இருந்து கையை எடுங்க."

ஷாக் அடித்ததுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"மெதுவா இந்தப் பக்கம் வாங்க. எதையும் தொடாதீங்க."

என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. கையேட்டில் நாற்பத்தேழாம் பக்கம். இந்தப் பெட்டியில் நேரலையைக்கூட நிறுத்தி வைக்கலாம். கிரிக்கெட் பார்க்கும்போது போன் வந்தால் நிறுத்திவிட்டு, பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு பந்தைத் திரும்பவும் பார்க்கலாம். இது எப்படி முடியும் என்று யோசித்துப் பாருங்கள். போய்விட்ட பந்தை, நாம் கேட்டபின் அது எப்படிப் பிடிக்கும்? பிடிக்க முடியாது. அதனால் நாம் கேட்பதற்கு முன்பே பிடித்து வைக்கிறது. எதைக் கேட்போம் என்று அதற்குத் தெரியாது. அதனால் தன் வழியாகப் போகிற எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. சொல்ல வேண்டியதில்லை, பொட்டை அமுக்க வேண்டியதில்லை. பெட்டி உயிரோடு இருக்கும் நேரமெல்லாம் கடைசி ஒரு மணி நேரத்தை வைத்திருக்கும். அந்த வசதியைக் கிரிக்கெட்டுக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். கேமராவிலிருந்து வருவதும் அதன் வழியாகத்தானே போகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"உள்ள இருக்கு," என்றேன். "அக்கா, எல்லாம் உள்ள இருக்கு. ஆனா போய்க்கிட்டே இருக்கு."

"நடுவுல நிறுத்தாம சொல்லு மச்சினி."

"அறுபது சீட்டு உள்ள ஒரு பஸ்னு வைங்க அத்தான். நிமிஷத்துக்கு ஒரு ஆள் ஏறுறார். அறுபதும் நிறைஞ்சாச்சு. அதுக்கு மேல பின்னாடி ஒருத்தர் ஏறினா, முதல்ல ஏறினவர் முன்பக்கமா எறங்கியே ஆகணும்."

"எறங்கி எங்க போவார்?"

"எங்கேயும் போக மாட்டார். அவர் இருந்த இடத்துல புது ஆள். அவ்வளவுதான்."

"இப்ப ஏறிட்டு இருக்கிறது யாரு?"

நீலத் திரையைக் காட்டினேன்.

"இதுவா? இது ஒண்ணுமே இல்லையே. கேமராவை அணைச்சிடு, ஏற மாட்டான்."

"அணைச்சாலும் இருட்டு ஏறும் அத்தான். சுவிட்சை அணைச்சா மொத்த பஸ்ஸும் காலி."

அக்கா எனக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டாள். அவள் முன்னால் ஒரு சின்ன நோட்டு இருந்தது. வண்டு கையில் இல்லாதபோது எழுதிக் காட்ட. அதை என் பக்கம் திருப்பினாள். மேலே '10.12' என்று எழுதியிருந்தது. டிரிப் கிளம்பும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளும் கண்டக்டர் பழக்கம், கேசட் கிளம்பியபோதும் அவள் கையை எழுத வைத்திருக்கிறது. பெட்டியின் கடிகாரம் பத்து ஐம்பத்தெட்டு காட்டியது. பதினொன்று பன்னிரண்டு ஆனால் அவளுடைய முதல் நிமிடம் இறங்க ஆரம்பிக்கும்.

மேசை டிராயரிலிருந்து கையேட்டை எடுத்தேன். அத்தான் அதை வாங்கி, என்னை எத்தனை தடவை கேலி செய்தார் என்பதெல்லாம் மறந்தவராக, எழுத்துக் கூட்டிப் படித்தார். சேமிக்க விரும்பும் இடத்துக்குப் பின்னோக்கிச் செல்லவும். அங்கே சிவப்புப் பொத்தானை அமுக்கவும். அவ்விடத்திலிருந்து இருப்பது நிரந்தரமாகச் சேமிக்கப்படும். கீழே கட்டம் கட்டி ஒரு எச்சரிக்கை: நிறுத்தும் பொத்தானை அமுக்கினாலும், வேறு வழிக்கு மாற்றினாலும், மின்சாரம் போனாலும் தற்காலிகப் பதிவு அழிந்துவிடும்.

ரிமோட்டில் பின்னோக்கிப் போகும் பொத்தானுக்கு ஒட்டியே இருக்கிறது நிறுத்தும் பொத்தான். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். லென்ஸ் தேய்க்கும்போதுகூட இப்படி வியர்த்ததில்லை. பொத்தானைத் தடவிப் பார்த்து, சரிதான் என்று இன்னொரு தடவை கண்ணால் பார்த்து, அமுக்கினேன்.

நீலம். நீலம். நீலமாகவே ஓடியது. திரையின் அடியில் ஒரு கோட்டின்மேல் சின்னப் புள்ளி இடப்பக்கமாக ஊர்ந்தது. சட்டென்று திரையில் கோடு கோடாக ஒரு கலங்கல். நாடா சிக்கிய நேரம். அதற்கு அப்பால், பஸ்.

பஸ் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. இறங்கியவர்கள் முதுகு காட்டிப் படியேறி வந்து தங்கள் சீட்டில் உட்கார்ந்தார்கள். கிழிந்த டிக்கெட்டுகள் கட்டோடு போய் ஒட்டிக்கொண்டன. சன்னலுக்கு வெளியே கடைகளும் மரங்களும் முன்னால் போய்க்கொண்டிருந்தன. காலையில் இந்த அறை வழியாக ஒரு முறை ஓடி, நாடாவோடு அறுந்துபோன அத்தனையும் அங்கே சுழலும் தட்டில், யாரும் கேட்காமலே, உட்கார்ந்திருந்தது. நான் இந்த இயந்திரத்தைப் பற்றி நாலு மாதமாக ஊரெல்லாம் பேசியவள். அன்றுதான் முதல் தடவையாக அதைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒரு ஜோடி செருப்பு. பஸ்ஸின் தரை. அதற்கு முன்னால் மறுபடி நீலம். அதுதான் தொடக்கம். படத்தை அங்கே நிறுத்தி வைத்தேன். பதினொன்று ஏழு.

"நீங்களே அமுக்குங்க அத்தான்."

ரிமோட்டை வாங்கினார். கட்டை விரலைச் சிவப்புப் பொட்டின் மேல் வைத்தார். அமுக்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

அக்கா ஒரு முறை முறைத்தாள். பிறகு மேசையில் இரண்டு தட்டு தட்டினாள்.

கோட்டின் ஒரு பகுதி சிவப்பாக மாறியது. அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இவ்வளவு சீக்கிரமா எழுதிடுமா?" என்றார் அத்தான், நம்பாமல்.

"புதுசா ஒண்ணும் எழுதல. எழுதினது ஏற்கனவே இருக்கு. சீட்டுல துண்டு போட்ட மாதிரி. இந்த இடத்துக்கு ஆள் இருக்கு, வேற யாரும் உக்காராதீங்கன்னு குறிச்சு வைக்குது."

"துண்டுதானா," என்று சோபாவில் சாய்ந்தார். "துண்டுன்னு முதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்ல."

பட்டியலைத் திறந்து பார்த்தேன். பஸ் ஓடிய அரை மணிக்கு மேலும், அதன் வாலில் கொஞ்சம் நீலமுமாக, தேதியோடும் நேரத்தோடும் இருந்தது. அக்கா எழுந்து வந்து திரையில் அந்த ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். டிவிடியிலும் போட்ட பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. டிஸ்க் சூடாக வெளியே வந்தபோது வாசலில் வாலுவின் சத்தம்.

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "எல்லாரும் ஏன் இப்படிப் பாக்குறீங்க? நான் ஒண்ணும் பண்ணல."

"உக்காரு," என்றார் அத்தான். "ஒண்ணு காட்டணும்."

ஓட விட்டேன். செருப்பு, தரை, பிறகு நெரிசலான பஸ். தம்பிக்காரர் கடைசி சீட்டிலிருந்து எடுத்திருக்கிறார். தலைகளும் தோள்களும்தான் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே எங்கோ ஒரு தோல் பை, டிக்கெட் கட்டைப் பிடித்த ஒரு கை. குரல் மட்டும் பஸ் முழுக்க இருந்தது. "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க. உள்ள இடம் இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க. தம்பி, உனக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணுமா, உள்ள வா." யாரோ சிரித்தார்கள். கணீரென்ற, கொஞ்சம் கரகரப்பான குரல். ஒரு வருடமாக நான் போலி செய்து காட்டிய எதுவும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

வாலு கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாரு சித்தி இது? இப்படிக் கத்துறாங்க?"

அத்தான், "உங்கம்மாடா," என்றார்.

வாலு திரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "இல்ல," என்றாள். அடம் இல்லாமல், தவறாகச் சொன்ன ஒருவரைத் திருத்துவதுபோல. "அம்மா குரல் இப்படி இருக்காது."

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பதிவைக் காப்பாற்றினால் போதும் என்றிருந்தோம். கேட்டிராத குரலை அவள் எதை வைத்து அடையாளம் காண்பாள்? முகமும் தெரியவில்லை. அக்காவின் கை வண்டைத் தேடிப் போய், பாதியில் நின்றது.

அதை எடுக்காமலே எழுந்தாள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் மகளைப் பார்த்து நின்றாள். வாயசைக்கத் தொடங்கினாள்.

தொண்டை செய்வது ஓசை மட்டும். அந்த ஓசையைச் சொல்லாக ஆக்குவது நாக்கும் உதடும் பல்லும். அவை அக்காவிடம் அப்படியே இருந்தன. பஸ்ஸில் ஒருவர், "இது ஆஸ்பத்திரி போகுமா?" என்று கேட்டார். "போகும், ஏறுங்க, நின்னு யோசிக்காதீங்க," என்றது குரல். அதே நொடியில் அதே சொற்கள் அக்காவின் உதட்டில். ஓசை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், நடுவில் ஒன்பது வருடம். ஆனால் அந்த வழியில் தினமும் சொன்ன சொற்கள், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

வாலு எழுந்து அம்மாவுக்கு எதிரே போய் நின்றாள். இன்னும் நம்பிய மாதிரி இல்லை. பார்த்துப் பார்த்து அதே மாதிரி வாயசைக்க யாராலும் முடியும் என்று அவள் நினைத்திருக்கலாம். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்தாள். பஸ்ஸில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. என்ஜின் சத்தம் மட்டும். அக்காவின் உதடுகள் மெதுவாக அசைந்தன. வண்டு இல்லாமலே அம்மாவின் வாயைப் படிக்க வாலுவுக்கு நன்றாகத் தெரியும்.

"மணிக்கூண்டு," என்று படித்தாள் வாலு.

தொலைக்காட்சி ஒன்றும் சொல்லவில்லை. என்ஜின் ஓடியது. வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு அந்தக் கணீர்க் குரல், "மணிக்கூண்டு. மணிக்கூண்டு எறங்குறவங்க முன்னாடி வாங்க."

வாலு திரும்பித் திரையைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். மிக மெதுவாக, "அது சொல்றதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அக்காவிடம், தோளில் மாட்டியிருக்காத பையைச் சரி செய்துகொள்வதுபோல ஒரு சின்ன அசைவு. திரையில் அந்தத் தோல் பையும் அப்போது அசைந்தது.

வாலு அவள் கைக்கு அருகே வந்து, தலையை நிமிர்த்தி, முகத்தை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது சொல்லும்மா," என்றாள்.